ரிஸிகியின் பால்

ஷம்ஸா வீட்டுக் காப்பியைக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு. வருடக்கணக்காகக் குடித்துச் சம்பாதித்த உரிமை. இஞ்சியை அள்ளிப் போடுவாள். நாக்கு வெந்துபோகிற சூட்டில் ஊற்றுவாள். சின்னக் கிண்ணம்தான், இரண்டு மடக்கில் தீர்ந்துவிடும். நீட்டினால் மறுபடி ஊற்றுவாள். போதும் என்று வாயால் சொல்வது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. கிண்ணத்தை விரல்களுக்கிடையில் லேசாக ஆட்ட வேண்டும். ஆட்டாதவரைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நான் மூன்றாவது கிண்ணத்தில் ஆட்டிவிடுவேன். அதற்குமேல் ஒரு பெண் தனியாக இருக்கிற வீட்டில் உட்கார்ந்திருக்க ஆணுக்கு ஒரு காரணம் வேண்டும்.

அங்கே உள்ளே வந்து உட்காரவே எனக்கு ஒரு காரணம் இருந்தது. நான் அவளுக்கு அண்ணன். கூடப் பிறந்தவன் இல்லை. அவள் கிராம்புத் தோட்டத்து அரபு எஜமான் ஷேக் ஹிலாலின் ஒரே மகள். நான் அந்த வீட்டு அடிமை ரிஸிகியின் மகன் மகாமே. ஆனால் நாங்கள் இருவரும் என் அம்மாவின் பாலைக் குடித்தவர்கள். ஒரே மார்பில் குடித்தவர்கள் உடன்பிறந்தவர்களுக்குச் சமம் என்பது எங்கள் மார்க்கச் சட்டம். அவர்களுக்குள் கல்யாணம் ஆகாது. கல்யாணம் ஆகாது என்பதால் முக்காடும் தேவையில்லை. ஸான்ஸிபாரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் ஷம்ஸாவின் குரலைக் கதவுக்குப் பின்னாலிருந்து மட்டும் கேட்டிருக்கிறார்கள். அவள் முகத்தைப் பார்த்தபடி, "இஞ்சி ஜாஸ்தி" என்று முகம் சுளிக்கிற அதிர்ஷ்டம் எனக்குத்தான்.

அந்தத் தோட்டம் நகரத்திலிருந்து கழுதைமேல் ஒன்றரை மணி நேரம். பறிப்புக் காலத்தில் பாதி வழியிலேயே வாசனை வந்துவிடும். பச்சை மொட்டுகளைப் பாய்களில் பரப்பி, வெயிலில் அவை சிவந்து கறுக்கிற வரைக்கும் காவல் இருக்க வேண்டும். மழை ஒரு துளி விழுந்தால் போதும், வீட்டில் உள்ள எஜமானியிலிருந்து சமையல்காரன் வரைக்கும் அலறிக்கொண்டு ஓடிவந்து பாயைச் சுருட்டுவோம். அப்போது மட்டும் அந்த வீட்டில் பெரியவர் சின்னவர் கிடையாது. ஷம்ஸா ஒரு பாயின் இந்த முனையைப் பிடிப்பாள், நான் அந்த முனையைப் பிடிப்பேன். சுருட்டிக்கொண்டே நடுவில் வந்து முட்டிக்கொள்வோம். மழை நின்றதும் மறுபடி விரிப்போம். அதற்குள் இன்னொரு மழை வரும். வானம் எங்களை வைத்து விளையாடுகிறது என்று அவள் சிரிப்பாள். இப்போதும் யாராவது கிராம்பை வாயில் போட்டுக் கடித்தால் எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்கிறது. வயதாகிவிட்டது, வேறென்ன.

எங்களுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது ஒருநாள் காலையில் கடல் பக்கமிருந்து இடி இடித்தது. வானத்தில் மேகமே இல்லை. சுல்தானின் அரண்மனைமேல் வெள்ளைக்காரக் கப்பல்கள் குண்டு போடுகின்றன என்று பிறகுதான் தெரிந்தது. பெரிய சண்டை என்று நினைக்காதீர்கள். அம்மா அடுப்பில் வைத்த மரவள்ளிக்கிழங்கு வேகிறதற்குள் முடிந்துவிட்டது. ஷேக் ஹிலால் வாசலில் நின்று கடைசிக் குண்டுவரை கேட்டார். "முடிஞ்சுபோச்சு, நம்ம காலம் முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார். அந்த வாரமே நெஞ்சடைத்துப் போய்விட்டார். ஷம்ஸாவின் அம்மா அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்திருந்தாள். இத்தனை பெரிய வீட்டில் ஷம்ஸா தனியானாள்.

வடக்குக் காற்று பிடித்ததும் மஸ்கட்டிலிருந்து பாய்மரக் கப்பலில் அவளுடைய சித்தப்பா கல்ஃபான் வந்தார். கூடவே மகன் ஸஹ்ரான். அவனுக்கும் எங்கள் வயதுதான். இங்கே பிறந்து, ஒரு வயதாகும்போது அம்மாவோடு மஸ்கட் போனவன். பல்வலிக்காரன். எங்கள் வீட்டு அல்வாவைத் தின்றுவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுவான். முனகல் நின்றதும் இன்னொரு துண்டு எடுப்பான். அவன் கெட்டவன் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவனைக் கண்டாலே எனக்கு எரிந்தது.

காரணம் இது. கல்ஃபான் வந்த மூன்றாம் நாள் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவிட்டார்: தெற்குக் காற்று திரும்பியதும் கப்பல் கிளம்பும். கிளம்புவதற்கு முன் ஷம்ஸாவுக்கும் ஸஹ்ரானுக்கும் நிக்காஹ். பிறகு அவள் மஸ்கட்டில்தான் இருப்பாள். தகப்பன் இல்லாத பெண்ணுக்குச் சித்தப்பாதான் பொறுப்பு. அவரை மறுத்துப் பேச அந்த வீட்டில் யாரும் இல்லை.

அன்று மாலை கிராம்புக் களத்தில் ஷம்ஸா என்னிடம் வந்தாள். காய்ந்த மொட்டுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தேன்.

"மஸ்கட்ல மழையே பெய்யாதாமே அண்ணே? மெய்யா?"

"எப்பவாவது பெய்யுமாம்."

"மழை இல்லாத ஊர்ல மனுசங்க எதுக்கு ஓடுவாங்க? எதுக்குச் சிரிப்பாங்க?" பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "என்னை அனுப்பிடுவியா?"

"நான் யாரு அனுப்பறதுக்கும் வெச்சுக்கறதுக்கும்? இந்தக் கூடையும் நானும் ஒண்ணு இந்த வீட்டுக்கு."

"கூடை பதில் பேசாது. நீ பேசற."

"பேசி என்ன ஆகப் போகுது?"

"நான் போகமாட்டேன் அண்ணே. கட்டித் தூக்கிட்டுப் போனாலும் போகமாட்டேன்." அவள் அழவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒளித்து என்ன ஆகப் போகிறது, சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள்மேல் ஆசை இருந்தது. பதினாறு வயதிலிருந்து இருந்தது. தங்கச்சி என்று கூப்பிடுகிற வாய்க்குள்ளேயே அந்த ஆசையும் இருந்தது. ஒரே பாலைக் குடித்தவளை அப்படி நினைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாமல், ரமலான் இல்லாத மாதத்தில் முப்பது நாள் நோன்பு பிடித்தேன். உடம்பு இளைத்தது. நினைப்பு இளைக்கவில்லை. அவள் போய்விட்டால் நல்லது, பாவம் விட்டது என்று ஒரு நாள் நினைப்பேன். மறுநாள் அவள் போய்விட்டால் நான் எதற்கு இந்தக் கூடையைச் சுமக்கிறேன் என்று நினைப்பேன்.

இதெல்லாம் என் அம்மாவுக்குத் தெரியுமா என்று அப்போது எனக்குத் தெரியாது. ரிஸிகி அதிகம் பேசாதவள். பேசினால் எதிராளி உட்கார இடம் தேடுவான்.

தெற்குக் காற்று பிடிக்கும் சமயத்தில் ஊரில் ஒரு புதுச் சேதி கிளம்பியது. சுல்தானின் உத்தரவு, பின்னால் நின்று எழுதியது வெள்ளைக்காரன்: இனி அடிமை என்று யாரையும் கோர்ட்டு ஒத்துக்கொள்ளாது. நேரில் போய்க் கேட்கிறவர்களுக்கு விடுதலைக் காகிதம். பக்கத்துத் தோட்டத்தில் நாலு பேர் போய் வாங்கிவந்து, மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அம்மா அவர்களைக் கேலி செய்தாள். "காகிதத்தைத் தின்னா பசி அடங்குமா? காட்டினா கடல்தான் வழி விடுமா?" என்றாள்.

அப்படிப்பட்டவள் நிக்காஹுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு காலையில் தன் நல்ல துணியை எடுத்துச் சுற்றிக்கொண்டு, "மகாமே, கழுதைக்குச் சேணம் கட்டு. டவுனுக்குப் போறோம்," என்றாள்.

"எதுக்கும்மா?"

"காகிதம் வாங்க."

முற்றத்தில் ஷம்ஸா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "என்னை விட்டுட்டுப் போறியா ரிஸிகியம்மா? இப்பவா? இந்த நாலு நாள்கூடப் பொறுக்க முடியலையா?"

அம்மா கழுதைமேல் ஏறி உட்கார்ந்தாள். வழி முழுக்க நான் ஆத்திரத்தில் கழுதையைத் திட்டிக்கொண்டே வந்தேன். அம்மாவைத் திட்ட எனக்குத் தைரியம் போதாது.

கோர்ட்டில் ஒரு வெள்ளைக்கார துரை மேசைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவர். துரை கேட்பார், அவர் திருப்பிச் சொல்வார்.

"பேரு?"

"ரிஸிகி."

"உன்னை அடிச்சாங்களா?"

"என்னை அடிக்கிறவன் இன்னும் பொறக்கல."

"சாப்பாடு குடுக்கலையா?"

"அந்த வீட்டுக்கே சாப்பாடு போடறது நான்தான்."

துரை பேனாவைக் கீழே வைத்தார். "விடுதலை வாங்கிட்டு எங்க போய் இருப்பே? இருக்க இடம் இருக்குன்னு சொன்னாத்தான் காகிதம்."

"எங்க போவேன்? அதே வீட்டுக்குத்தான். அடுப்புல பருப்பு கிடக்கு."

"அப்போ எதுக்கு உனக்குக் காகிதம்?"

"ஊர்ல எல்லாரும் வெச்சிருக்காங்க. எங்கிட்ட இல்லன்னா கேவலமா இருக்குல்ல?"

மொழிபெயர்ப்பவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்ன சொன்னாரோ தெரியாது. துரை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். போகிற போக்கில் எனக்கும் ஒன்று கொடுத்தார். பிறந்ததிலிருந்து அடிமையாக இருந்தவன் கழுதைக்குத் தண்ணீர் காட்டுகிற நேரத்துக்குள் சுதந்திர மனிதன் ஆகிவிட்டேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஷம்ஸாவின் வெளுத்த முகம்தான் கண்முன் நின்றது. அம்மா தன் காகிதத்தைத் துணி முந்தியில் முடிந்துகொண்டாள்.

நிக்காஹ் நகரத்தில் கல்ஃபான் எடுத்திருந்த வீட்டில் நடந்தது. கூடத்தில் கம்பளம் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காஜியார். வயதானவர், காது கொஞ்சம் மந்தம், ஆனால் சட்டத்தில் புலி. ஸஹ்ரான் புது அங்கியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தான், அன்றும் பல்வலி. திரைக்குப் பின்னால் ஷம்ஸா. நான் காப்பிக் கெண்டியோடு ஓரத்தில் நின்றேன். என் கையாலேயே அந்தக் கல்யாணத்துக்குக் காப்பி ஊற்ற வேண்டியிருந்தது.

காஜியார் ஓத வாயெடுத்தார். அப்போது சமையல் கட்டு வாசலிலிருந்து என் அம்மா கூடத்துக்குள் நடந்து வந்தாள். ஆண்கள் கூடியிருந்த இடத்துக்கு அப்படி ஒரு பெண் வந்து நான் பார்த்ததில்லை.

"காஜியாரே, இந்தக் கல்யாணம் செல்லாது," என்றாள்.

"என்ன சொல்றா?" என்று காஜியார் காதைக் கையால் குவித்தார்.

அம்மா குரலை உயர்த்தினாள். "பொண்ணுக்கும் பால் குடுத்தவ நான். மாப்பிள்ளைக்கும் பால் குடுத்தவ நான். ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி."

கூடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கல்ஃபான் எழுந்துவிட்டார். "பொய்! ஷம்ஸாவுக்குக் குடுத்தது ஊருக்கே தெரியும். என் மவன் அடிமைப் பாலைக் குடிச்சதே இல்ல!"

"நீங்க அப்ப இங்க இல்லீங்க எஜமான். தந்தம் வாங்கக் கடல் தாண்டி அந்தக் கரைக்குப் போயிருந்தீங்க. உங்க வீட்டம்மாவுக்குக் காய்ச்சல் வந்து நாப்பது நாள் படுத்த படுக்கை. பிள்ளை பசியில கத்திச்சு. நான் எடுத்தேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவங்கதான் கேட்டுக்கிட்டாங்க."

"காஜியாரே, இவ அடிமை! அடிமை சொல்றது சாட்சி ஆகுமா?"

அம்மா முந்தியை அவிழ்த்தாள். காகிதத்தை நிதானமாகப் பிரித்து, காஜியாரின் முன்னால் கம்பளத்தில் வைத்தாள். அதில் மை இன்னும் பளபளத்தது. "நாலு நாளா நான் அடிமை இல்லீங்க," என்றாள்.

திரைக்குப் பின்னால் ஷம்ஸா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

காஜியார் முத்திரையை உற்றுப் பார்த்தார். காகிதத்தை ஒதுக்கி வைத்தார். "இது வெள்ளைக்காரனுக்கு. எனக்கு இது இல்லாமலே போதும். பால் விஷயத்துல குடுத்தவ சொல்றதுதான் சொல்." பிறகு அம்மாவைப் பார்த்தார். "வேதத்து மேல கை வெச்சுச் சொல்லுவியா? மாப்பிள்ளைக்கு நீ பால் குடுத்தியா? எத்தனை தடவை?"

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து வேதத்தின்மேல் வைத்தாள். கை துளியும் நடுங்கவில்லை. "ஸஹ்ரானுக்குக் குடுத்தேன். தடவையை யாரு எண்ணினா? அழுதப்பல்லாம் குடுத்தேன்."

பொண்ணு விஷயத்தைப் பற்றிக் காஜியார் சத்தியம் கேட்கவில்லை. அதுதான் ஊருக்கே தெரிந்ததாயிற்றே. எழுந்து தலைப்பாகையைச் சரிசெய்தார். "நிக்காஹ் இல்ல," என்றார்.

அப்புறம் கல்ஃபான் போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. கடலோரத் தென்னந்தோப்பைத் தன் பங்காக எடுத்துக்கொண்டு, எங்கள் மூன்று பேரையும் சபித்துவிட்டுக் கப்பல் ஏறினார். ஸஹ்ரான் போகும்போது என் அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தான். கோபமா, கூச்சமா என்று தெரியவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பிய அந்த மத்தியானத்தை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு கழுதைமேல் அம்மா. இன்னொன்றின்மேல் ஷம்ஸா. நடுவில் நான் நடந்து வந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் ஷம்ஸா முக்காட்டைத் தூக்கி எறிந்தாள். காற்றில் முடி பறந்தது. மாமரங்கள் வழி முழுக்கப் பழுத்துத் தொங்கின. அவள் கழுதைமேல் இருந்தபடியே எட்டி எட்டிப் பறித்தாள்.

"ரிஸிகியம்மா, எங்க கத்துக்கிட்டே இப்படிப் பொய் சொல்ல? கை நடுங்கவே இல்லையே!"

அம்மா ஒரு மாம்பழத்தைக் கடித்தாள். "இன்னிக்கு ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். அல்லா பெரியவன், ஒண்ணை மன்னிக்க மாட்டானா?"

நாங்கள் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஸஹ்ரான் அழுததையும் அம்மா பால் கொடுத்ததையும் நான் நடித்துக் காட்டினேன். ஷம்ஸா கழுதையிலிருந்து விழப் பார்த்தாள். அதற்குப் பிறகும் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்திருக்கிறேன். ஆனால் யாராவது சந்தோஷம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தச் செம்மண் பாதைதான்.

அப்புறம் வருடங்கள் போயின. ஷம்ஸா தோட்டத்தைத் தானே நடத்தினாள், நான் மேற்பார்வை பார்த்தேன். அவளுக்குப் பெம்பா தீவிலிருந்து ஒரு நல்ல மனிதர் புருஷனாக வந்தார். மூன்றே வருடம், அம்மை நோய் கொண்டுபோய்விட்டது. எனக்கும் ஒருத்தி வந்தாள். "உனக்குப் பொண்டாட்டி எதுக்கு? அங்க போய்க் காப்பி குடிச்சா போதும் உனக்கு," என்று சொல்லித் தலாக் வாங்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் அம்மா ஒரு மழைக்காலத்தில் இரண்டு நாள் இருமிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். களத்துக்கு அந்தப் பக்கம், பழைய கிராம்பு மரத்தடியில் அடக்கம் செய்தோம். காகிதம் இன்னும் ஷம்ஸாவின் பெட்டியில் இருக்கிறது.

சென்ற பறிப்புக் காலத்தில் ஸஹ்ரான் வந்தான்.

இப்போதெல்லாம் காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, நீராவிக் கப்பல் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. தாடி நரைத்து, கைத்தடி ஊன்றி, வாடகை மோட்டாரில் தோட்டத்துக்கு வந்து இறங்கினான். வாயில் பல்லே இல்லை, அதனால் வலியும் இல்லை. மாலைத் தொழுகை முடித்துவிட்டு நான் காப்பிக்கு வந்திருந்தேன். ஷம்ஸா வாசல் ஜன்னலருகே எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டும் அவள் முக்காடு போடவில்லை. போடுவானேன், காஜியார் தீர்ப்புப்படி அவனும் அண்ணன்தானே.

"ரிஸிகியம்மா கபரு எங்க இருக்கு?" என்றான் வந்ததும் வராததுமாக.

காட்டினேன். கல்லறைமுன் நெடுநேரம் நின்று ஓதினான். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அல்வாவை முழுத் துண்டாக எடுத்துக்கொண்டான். பழக்கம் மாறவில்லை.

"எங்கப்பா சாகிற வரைக்கும் அவளைப் பொய்க்காரின்னுதான் சொன்னார்," என்றான். "போன வருஷம் எங்கம்மா போனா. போறதுக்கு முன்ன என்னைக் கூப்பிட்டு உட்கார வெச்சா. 'அந்த ரிஸிகி சொன்னது நிஜம்டா. நான் காய்ச்சல்ல கிடந்தப்ப நாப்பது நாள் உன்னை உசிரோட வெச்சது அவ பால்தான். உங்கப்பனுக்குப் பயந்து நான் வாயைத் திறக்கல. போய் அவகிட்ட மன்னிப்புக் கேளு'ன்னா. கேக்கறதுக்குள்ள அவளும் போயிட்டதா சேதி வந்துச்சு. அதான் கபருக்காவது வந்தேன்."

எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "மகாமே, நீ என் பால் அண்ணன்டா! எனக்குக் கூடப்பிறந்தவன் யாருமில்லன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா?" என்று என் தோளை நனைத்தான். அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். இத்தனை வருடம் அவனை நான் திட்டிய திட்டுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

அவனுடைய மோட்டார் போன தூசி அடங்கிற்று. நானும் ஷம்ஸாவும் உட்கார்ந்திருந்தோம்.

ஒரே ஒரு பொய்.

ஸஹ்ரானுக்குப் பால் கொடுத்தது நிஜம் என்றால், பொய் எது? அம்மா அன்று இரண்டு விஷயம்தான் சொன்னாள். ஒன்றைச் சத்தியம் பண்ணிச் சொன்னாள். வேதத்துக்குப் பயந்தவள், கை நடுங்கவில்லை. மற்றதை யாரும் சத்தியம் கேட்கவில்லை.

சின்ன வயதில் கேள்விப்பட்ட ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. ஷம்ஸாவின் அம்மா கைக்குழந்தையைக் கண்ணைவிட்டு அகல விடமாட்டாளாம். மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் யாரையும் விடமாட்டாளாம். பெரிய வீட்டுப் பெண்கள் தங்கள் பாலைத் தாங்களே கொடுப்பது எங்கள் ஊரில் பெருமை இல்லை. அதற்கு ஆள் வைத்திருப்பதுதான் பெருமை. அதனால் ஊருக்கு ரிஸிகி. என் அம்மா துணியால் மூடி ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். துணிக்குள் ஷம்ஸா என்று நினைத்தார்கள். துணிக்குள் ஸஹ்ரான் இருந்திருக்கிறான்.

நான் வெறுத்தவன் என் உடன்பிறப்பு. நான் முப்பது நாள் நோன்பிருந்து மறக்கப் பார்த்தவள் எனக்கு யாரும் இல்லை. பாவம் என்று நான் சுமந்தது பாவமே இல்லை. என் வாலிபத்தை யாரோ திருப்பிக் கொண்டுவந்து, கிழிந்த துணியாக மடியில் போட்டது போல இருந்தது. அம்மாமேல் கோபம் வந்தது. அவளுக்கு என் மனது தெரிந்திருக்கும், கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். தெரிந்தே அந்தக் கதவைச் சாத்தினாள். அப்புறம் யோசித்தேன். அவள் நிஜத்தைச் சொல்லியிருந்தால் ஷம்ஸா மஸ்கட்டில் இருந்திருப்பாள். ஷம்ஸா இங்கேயே இருந்திருந்தாலும், அடிமையின் மகனுக்கு அவளை யார் கொடுத்திருப்பார்கள்? பெரிய வீட்டுப் பெண்ணின் முகத்தைக்கூட நான் பார்த்திருக்க முடியாது. ஒரு கதவைச் சாத்தி, எனக்கென்று இருந்த ஒரே கதவைத் திறந்துவைத்தாள்.

ஷம்ஸாவை நிமிர்ந்து பார்த்தேன். அவளும் கழுதைமேல் இருந்து அந்த வார்த்தையைக் கேட்டவள்தான். நான் போட்ட கணக்கை அவளும் போட்டுவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. இனிச் சட்டம் தெளிவு. நான் அன்னிய ஆண். அவள் முகத்தை மூட வேண்டும். நான் எழுந்து போக வேண்டும். நாளையிலிருந்து கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "கிராம்பு எத்தனை மூட்டை" என்று சத்தமாகக் கேட்க வேண்டும்.

அவள் கை தோளில் கிடந்த முக்காட்டு நுனிக்குப் போனது.

வேண்டாம் ஷம்ஸா, என்று மனதுக்குள் சொன்னேன்.

நுனியை இழுத்தாள். அதைக் கொண்டு காப்பிக் கெண்டியின் சூடான பிடியைப் பிடித்தாள். என் கிண்ணத்தில் ஊற்றினாள்.

"ரிஸிகியம்மா அன்னிக்கு வர்ற வழியில என்னமோ சொன்னாளே," என்றாள், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. "உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லியே," என்றேன். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"எனக்கும்தான்," என்றாள்.

ஆளுக்கு ஒரு பொய். அம்மாவை மன்னித்தவன் எங்களையும் மன்னிக்கட்டும்.

குடித்துவிட்டு நீட்டினேன். ஊற்றினாள். மறுபடி நீட்டினேன். மூன்று முடிந்து நாலு ஆயிற்று, ஐந்து ஆயிற்று. வெளியே களத்தில் கிராம்பு காய்ந்துகொண்டிருந்தது. நல்லவேளையாக மழைக்கு அறிகுறி இல்லை.

"இன்னிக்குக் கிண்ணத்தை ஆட்டவே மாட்டியா அண்ணே?" என்றாள் ஷம்ஸா.

"இஞ்சி ஜாஸ்தி," என்றேன். "இன்னொண்ணு ஊத்து."